மேஜரின் ஒருசந்தி

மனித குலத்தின் வீழ்ச்சி, சோற்றுக்கும் வாய்க்கும் நடுவே எவனோ ஒருவன் ஒரு சடங்கைக் கொண்டுவந்து வைத்தானே, அன்றைக்குத்தான் ஆரம்பமாயிற்று என்பது லியோனார்டின் முடிவான கருத்து. ஆதாம் பழத்தைத் தின்றதால் கெடவில்லை, தின்பதற்கு முன்னால் நின்று யோசித்ததால்தான் கெட்டான் என்பான். இதைச் சொல்லும்போது அவன் முகத்தில் சிரிப்பின் சாயல்கூட இருக்காது. கல்லூரி விவாத மன்றத்தில் இதே விஷயத்தைப் பேசி ஒரு வெள்ளிக் கிண்ணம் பரிசு வாங்கியிருந்தான். அவனுடைய அம்மா கிளாடிஸ் அதில் உப்புப் போட்டு வைத்திருந்தாள்.

"சோறு இருக்கு. வாய் இருக்கு. ரெண்டுக்கும் நடுவுல மூணாவது ஆளுக்கு என்ன வேலை?" என்று அவன் சாப்பாட்டு மேஜையில் கேட்கும்போது அம்மா கண்ணை மூடிச் செபம் சொல்லிக்கொண்டிருப்பாள். நிதானமாக முடித்து, சிலுவை போட்டுக்கொண்டு, "மூணாவது ஆளு நான்தான். நான் போட்டாத்தான் உனக்குச் சோறு," என்பாள்.

அப்பா காஸ்பர் சாந்தோமில் ஒரு பள்ளிக்கூடத்தில் பூகோள வாத்தியார். வீட்டில் தகராறு வந்தால் அவர் மனத்தளவில் வேறு கண்டத்துக்குப் போய்விடுவார்.

மயிலாப்பூர் முடிந்து சாந்தோம் ஆரம்பிக்கிற சந்தில் அவர்கள் வீடு. மதிலுக்கு இந்தப் பக்கம் மாதா படம், அந்தப் பக்கம் மாக்கோலம். இரண்டு பக்கமும் மாவு அரைக்கிற சத்தம் ஒன்றுதான்.

அந்த வருஷம் வெள்ளைக்காரர்கள் மூட்டை கட்டத் தொடங்கியிருந்தார்கள். கிளாடிஸ் வீட்டில் அதற்கு முன்னாலேயே மூட்டை கட்டிக்கொண்டு போனவள் மகள் மர்சலின். பொங்கல் கழிந்ததும் கன்னியர் மடத்தில் சேரப் போய்விட்டாள். அம்மா யாரிடமும் அழவில்லை. ஆனால் அதற்கப்புறமும் உலையில் அதே அளவு அரிசிதான் போட்டுக்கொண்டிருந்தாள். ரேஷன் அரிசி மிஞ்சுகிற அதிசய வீடு சென்னையிலேயே அது ஒன்றாகத்தான் இருக்கும். ஒருநாள், மிஞ்சின சோற்றைப் பார்த்தபடியே, "ஒரு நாய் வளர்க்கலாம்," என்றாள்.

அடையாற்றுக்கு அக்கரையில் ஒரு தோப்புக்குள்ளே மிஸ் ஐவி என்கிற ஆங்கிலோ இந்தியச் சீமாட்டி அநாதைப் பிராணிகளுக்கு ஒரு விடுதி நடத்தி வந்தாள். கப்பலேறியவர்கள் விட்டுப்போன நாய்கள், யுத்தத்தின்போது குண்டு விழும் என்று ஊரைக் காலி செய்தவர்கள் மறந்துபோன நாய்களின் பேரன் பேத்திகள், காலொடிந்த கழுதை ஒன்று. அம்மாவோடு லியோனார்டும் வாடிக்கை வண்டிக்காரன் வடிவேலுவின் குதிரை ஜட்காவில் போனான். கயிறு பிடிக்க மட்டும்தான் வருவதாக முன்கூட்டியே அறிவித்திருந்தான்.

குட்டிகள் அம்மாவின் புடவை முந்தானையைப் பிடித்துத் தொங்கின. அவள் அவற்றைத் தாண்டிக்கொண்டே போனாள்.

"குட்டிதான் நல்லது, மிஸஸ் காஸ்பர். சொன்ன பேச்சு கேக்கும்," என்றாள் மிஸ் ஐவி.

"வளர்த்து வளர்த்து அனுப்பினது போதும் மிஸ். இனிமே வளர்ந்ததா ஒண்ணு வரட்டும். போகாததா."

தோப்பின் ஓரத்தில், வாட்டிய ரொட்டி நிறத்தில் ஒரு நாய் முதுகை நேராக வைத்து உட்கார்ந்திருந்தது. ஒரு காது நிமிர்ந்தும் ஒரு காது மடிந்தும் இருந்தது. முகவாயில் நரை. அம்மா போய் எதிரில் நின்றாள். அது அவளை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, அவளுடைய செருப்பின்மேல் தாடையை வைத்துக்கொண்டது. அதற்குமேல் பேச்சு எதுவும் தேவைப்படவில்லை.

"மேஜர்னு பேர் வெச்சிருக்கேன்," என்றாள் மிஸ் ஐவி. "மயிலாப்பூர் லஸ் பக்கத்துல பூட்டின கேட் ஒண்ணுக்கு முன்னால உக்காந்திருந்தது. கார்ப்பரேஷன் நாய் வண்டிக்காரன் கயிறு போடப் போனான், நான் சண்டை போட்டுக் கூட்டி வந்தேன்."

"யார் வீட்டு கேட்?" என்று கேட்டான் லியோனார்ட்.

"தெரியாது மேன். உள்ளே ஆள் இல்லை. ஆனா பெரிய கேட். நிச்சயம் துரை வீடாத்தான் இருக்கும்."

பெரிய கேட் என்றால் துரை வீடு. அந்தத் தர்க்கத்தில் லியோனார்டுக்கும் அப்போது ஒரு குறையும் தெரியவில்லை.

"ஒண்ணே ஒண்ணு," என்று மிஸ் ஐவி குரலைத் தாழ்த்தினாள். "சாப்பாட்டு விஷயத்துல கொஞ்சம் தகராறு. இங்கே சில நாள் சாப்பிடும், சில நாள் மோந்துகூடப் பார்க்காது. வீடு கிடைச்சா சரியாயிடும்னு நினைக்கிறேன். அடுத்த வாரம் நான் வந்து பார்ப்பேன். என் கண் முன்னால ஒழுங்காச் சாப்பிடணும். இல்லேன்னா திருப்பிக் கூட்டிட்டுப் போயிடுவேன்." கொஞ்சம் நிறுத்தினாள். "திரும்பி வர்ற நாயை மறுபடி யாரும் எடுக்கறதில்லை. எனக்கோ இடம் பத்தாது. அப்புறம் டாக்டர் வருவார்."

டாக்டர் வந்து என்ன செய்வார் என்று அவள் சொல்லவில்லை. அம்மாவும் கேட்கவில்லை. ஜட்காவில் வீடு திரும்பும் வழி முழுக்க நாயின் கழுத்தில் கையைப் போட்டுக்கொண்டே வந்தாள். வடிவேலு திரும்பிப் பார்த்து, "இன்னாமா, மாப்பிள்ளை அழைப்பாட்டம் கீது," என்றான்.

மாப்பிள்ளை வந்து சேர்ந்த நேரம் நல்ல தபசு காலம். ஈஸ்டருக்கு முந்தைய அந்த நாற்பது நாளும் கிளாடிஸ் வீட்டில் ஒருசந்தி. அதாவது நாளுக்கு ஒரே ஒரு முழுச் சாப்பாடு, மற்ற வேளைக்குக் கஞ்சித் தண்ணி, காப்பி இப்படி. லியோனார்டும் வீட்டில் ஒருசந்திதான். வெளியில் அவன் மவுண்ட் ரோடுப் பக்கம் ஒரு மிலிட்டரி ஓட்டலில் மாமிசச் சாப்ஸ் தின்று வந்தான். அதை அவன் கொள்கை என்று அழைத்தான்.

மறுநாள் நடுப்பகல். பின்கட்டில் தகரத் தட்டில் எலும்புச் சாறு பிசைந்த சோறு வைத்தார்கள். மேஜர் வந்து தட்டுக்கு முன்னால் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தது. தட்டைப் பார்த்தது. அம்மாவைப் பார்த்தது. பிறகு வானத்தைப் பார்த்தது. வாயிலிருந்து எச்சில் நூலாக இறங்கியது, மூக்கு நடுங்கியது. ஆனால் தலை குனியவில்லை. சோறு ஆறி, ஈ மொய்த்து, எடுத்துப் போகும்வரை அப்படியே இருந்தது. சாயங்காலம் கஞ்சித் தண்ணியை ஊற்றினதும் ஒரே மூச்சில் நக்கிக் குடித்தது.

"பசி இருக்கு," என்றான் லியோனார்ட். "உணவும் இருக்கு. ஆனா சாப்பிடலை. இது விஞ்ஞானத்துக்கு முரண்."

துரை வீட்டு நாய் என்பதால் தகரத் தட்டு ஒத்துக்கொள்ளவில்லையோ என்று பீங்கான் தட்டு வந்தது. தமிழ் விளங்கவில்லையோ என்று லியோனார்ட் ஆங்கிலத்தில், விவாத மன்றத்தில் பேசுகிற ஆங்கிலத்தில், சாப்பிடுமாறு கேட்டுக்கொண்டான். மேஜர் மரியாதையாகக் கேட்டுவிட்டு வானத்தைப் பார்த்தது. மறுநாள் அப்பா கோட்டு மாட்டிக்கொண்டு வந்து நின்று பார்த்தார். கோட்டுக்கும் ஒன்றும் நடக்கவில்லை. வேர்த்ததுதான் மிச்சம்.

மீன்காரி வேலம்மா கூடையை இறக்கிவைத்துவிட்டு நாயைச் சுற்றி வந்து பார்த்தாள். "கண்ணு பட்டுட்ச்சி. இன்னா அயகான நாயி. மொளகா சுத்திப் போடும்மா," என்றாள். அம்மா சுற்றிப் போட மாட்டேன் என்று சொல்லிவிட்டு, வேலம்மா போனதும் யாரும் பார்க்காமல் சுற்றிப் போட்டாள். மிளகாய் நெடியில் அப்பா தும்மினார். நாய் சாப்பிடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வால்டர் வந்தார். வால்டர் அம்மாவுக்கு ஒன்றுவிட்ட அண்ணன். கோவில் பாடகர் குழுவின் தலைவர், கோவிலைச் சேர்ந்த பங்கு மக்களின் எல்லா விஷயங்களுக்கும் தானே வலியவந்த விளக்கவுரையாளர். நாயைப் பற்றிக் கேள்விப்பட்டுப் பார்க்க வந்திருந்தார். எல்லாரும் பின்கட்டில் சூழ்ந்து நிற்க அம்மா தட்டை வைத்தாள். பன்னிரண்டு மணிக் கோவில் மணி அடித்து ஓய்ந்திருந்தது. பக்கத்து வீட்டில் யாரோ யாரையோ கூப்பிட்டார்கள், மதில்மேல் காக்கை கரைந்தது, வால்டர் இருமினார். மேஜர் தலையைக் குனிந்து லபக் லபக்கென்று தட்டைக் காலி செய்து, தட்டையும் நகர்த்தி நகர்த்திச் சுவர் வரைக்கும் நக்கிக்கொண்டு போயிற்று.

அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். வால்டர் ஆட்காட்டி விரலை உயர்த்தினார்.

"கிளாடிஸ், இன்னிக்கு என்ன கிழமை?"

"ஞாயிறு அண்ணே."

"தபசு காலத்துல ஞாயித்துக்கிழமை ஒருசந்தி உண்டா?"

"கிடையாது."

"கஞ்சித் தண்ணி குடிச்சா ஒருசந்தி முறியுமா?"

"முறியாது."

"தட்டு வெச்சா எங்கே பார்க்குது?"

அம்மா மெல்ல அண்ணாந்து பார்த்தாள்.

"ஒரு கத்தோலிக்கத் துரை வளர்த்த நாய்!" என்று தீர்ப்பளித்தார் வால்டர். "ஐரிஷ்காரனா இருப்பான். அவங்க ரொம்பக் கண்டிப்பு."

"மாமா, நாய்க்கு ஆத்துமா கிடையாதுன்னு போன வாரம் நீங்கதானே சொன்னீங்க?" என்றான் லியோனார்ட்.

"ஆத்துமா வேற, ஒழுக்கம் வேறடா. உனக்கு ஆத்துமா இருக்கு. ஒழுக்கம் இருக்கா?"

திங்கட்கிழமை மேஜர் சாப்பிடவில்லை. செவ்வாயும் அப்படியே. லியோனார்டின் உள்ளுக்குள் ஏதோ ஆட்டம் கண்டது. வால்டரின் விளக்கம் பைத்தியக்காரத்தனமானது என்று அவனுக்குத் தெரியும். ஆனால் அதைத் தவிர வேறெந்த விளக்கமும் பொருந்தி வரவில்லை. ஒரு விஷயம் முட்டாள்தனமாகவும் சரியாகவும் ஒரே சமயத்தில் இருக்கலாமா என்று கல்லூரியில் தர்க்கம் நடத்தும் புரொபசரைக் கேட்டான். அவர், பரீட்சைக்கு வராது என்றார்.

இதற்குள் செய்தி பங்கு முழுவதும் பரவிவிட்டது. பெண்கள் கணவன்மார்களை அழைத்துக்கொண்டு வந்து காட்டினார்கள். "பாருங்க, வாயில்லா ஜீவன். நீங்க போன வெள்ளிக்கிழமையும் அதுவுமா ஆம்லெட் கேட்டீங்க," என்று பின்கட்டிலேயே விசாரணை நடந்தது. புருஷர்கள் மேஜரை முறைத்தார்கள். மேஜர் தட்டை முறைத்தது. லியோனார்ட் ஒருநாள் மிலிட்டரி ஓட்டலிலிருந்து திரும்பி வந்து அதன் தலையைத் தடவினான். அது அவனுடைய விரல்களை ஒவ்வொன்றாக மோந்தது. அவன் முகத்தைப் பார்த்தது. பிறகு மேலே பார்த்தது. அன்றிலிருந்து அவன் ஓட்டலுக்குப் போவதை நிறுத்திவிட்டான். விலை ஏறிவிட்டது என்று நண்பர்களிடம் காரணம் சொன்னான்.

அம்மாவுக்கு முதலில் இருந்த பெருமை நாளாக ஆகக் கரைந்தது. மேஜரின் விலா எலும்புகள் தெரிய ஆரம்பித்திருந்தன. தடவிக் கொடுக்கும்போது கை ஒவ்வொன்றிலும் தட்டி நின்றது.

"ஈஸ்டர் வரைக்கும் இது தாங்காதுடா, லெனி," என்றாள் லியோனார்டிடம். "அதுக்கு முன்னாடியே அந்த மிஸ் வந்துடுவா. நான் என்ன பதில் சொல்வேன்? பக்தியினால இளைச்சதுன்னா நம்புவாளா?"

"அம்மா, அது பக்தி இல்லை."

"அப்ப என்ன?"

அவனுக்குத் தெரியவில்லை. தனக்குத் தெரியாது என்பதை அவன் வாழ்க்கையில் அதற்குமுன் ஒப்புக்கொண்டதே இல்லை. இப்போதும் ஒப்புக்கொள்ளவில்லை, வெறுமனே தோளைக் குலுக்கினான்.

அம்மா நேரே பங்குச் சாமியாரிடம் போனாள். நோயாளிகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் ஒருசந்தியிலிருந்து விலக்கு கொடுப்பது உண்டு. அந்த விலக்கை மேஜருக்கும் கொடுக்கவேண்டும் என்று கேட்டாள். சாமியார் நாயர் கடையில் தேநீர் குடித்துச் சுருட்டுப் பிடிக்கிற, நல்ல மனசுள்ள கிழவர். கிளாடிஸ் அழுதுவிடுவாள் போலிருந்ததால் குடையை எடுத்துக்கொண்டு புறப்பட்டு வந்தார்.

தட்டு வைக்கப்பட்டது. வால்டர் இரு கைகளையும் கட்டிக்கொண்டு நின்றார். சாமியார் குனிந்து, "திருச்சபைச் சட்டப்படி உனக்கு ஒருசந்தி கடமையே இல்லை. அப்படியே இருந்தாலும் உன்னை அதிலிருந்து விடுவிச்சாச்சு. சாப்பிடு, ராசா," என்றார்.

மேஜர் அவருடைய சுருட்டு வாசனையை மோந்தது. வாலை ஒருமுறை ஆட்டியது. வானத்தைப் பார்த்தது.

"சாமி சொல்லியும் கேக்கலை!" என்று வால்டர் மெய்சிலிர்த்தார். "நம்மளைவிடக் கெட்டியான விசுவாசம்!"

சாமியார் நிமிர்ந்து முதுகைப் பிடித்துக்கொண்டார். "எனக்கு முந்தியே இது வேற யாருக்கோ கீழ்ப்படிஞ்சு பழகியிருக்கு, வால்டர்," என்றார். "அது யாருன்னுதான் தெரியலை." காப்பி குடித்துவிட்டுப் போய்விட்டார்.

மிஸ் ஐவி வருவதற்கு முந்தின நாள். லியோனார்ட் கல்லூரிக்குப் போகவில்லை. வயிற்று வலி என்று சொல்லிவிட்டுப் பின்கட்டுப் படியில் உட்கார்ந்திருந்தான். நடுப்பகலுக்கு அம்மா, நம்பிக்கையில்லாமல், தட்டை வைத்துவிட்டு உள்ளே போனாள். மேஜர் வழக்கம்போல உட்கார்ந்தது. வழக்கம்போல வானத்தைப் பார்த்தது. மதிலுக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுப் பங்கஜம் மாமி, "கா... கா... கா..." என்று இழுத்துக் கூப்பிட்டாள்.

மேஜரின் மடிந்திருந்த காது எழுந்து நின்றது.

மாமி கையில் இலைத்துண்டோடு வந்து, மதில்மேல் ஒரு சோற்று உருண்டையை வைத்தாள். தென்னை மரத்திலிருந்து ஒரு காக்கை இறங்கியது. இரண்டு தத்துத் தத்தி, தலையைச் சாய்த்து, உருண்டையிலிருந்து ஒரு வாய் கொத்தியது. அந்தக் கணமே மேஜர் தட்டுக்குள் முகத்தை விட்டது. பின்கட்டே அதிரும்படி சாப்பிட்டது.

சத்தம் கேட்டு ஓடிவந்த அம்மா, "ஐயோ, வாரநாள்ல ஒருசந்தியை முறிச்சுட்டுதே!" என்றாள். அடுத்த மூச்சில், "அப்பாடா, முறிச்சுட்டுதே!" என்றாள். சந்தோஷப்படுவதா, சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போவதா என்று புரியாமல் மாதா படத்துக்கு மெழுகுவத்தி ஏற்ற ஓடினாள்.

லியோனார்ட் எழுந்து மதிலருகே போனான்.

"மாமி, காக்காய்க்கு நீங்க தினமும் சோறு வைக்கறதுண்டா?"

"வைக்காம? காக்காய்க்கு வைச்சுட்டுத்தானேடாப்பா நாங்க வாய் வைப்போம்."

"இந்த நேரத்துக்கா?"

"மத்த நாள்ல எங்காத்துக்காரர் ஆபீசுக்கு ஓடணும், காலம்பரவே சமையல் ஆயிடும், அப்பவே வைச்சுடுவேன். ஞாயித்துக்கிழமை அவர் எழுந்து குளிச்சு வர்றதுக்குள்ள உச்சியாயிடறது. இன்னிக்கு அமாவாசை, தர்ப்பணம் பண்ணி இப்பத்தான் முடிச்சார். ஏண்டா, ஒரு மாதிரி இருக்கே? உடம்புக்கு என்ன?"

ஞாயிற்றுக்கிழமை. அமாவாசை. பூட்டின பெரிய கேட். லியோனார்டின் மூளைக்குள் சாமான்கள் எல்லாம் இடம் மாறி உட்கார்ந்தன. லஸ்ஸில் பெரிய கேட் வைக்கத் துரைதான் வேண்டுமா? வக்கீல் ஐயர் வைத்தால் ஆகாதா? ஆனால் ஐயர் வீட்டில் நாயா? அந்த நாய் எலும்புச் சாறு தின்னுமா? இது இந்து நாயா, கிறிஸ்தவ நாயா? காக்கைக்கு அடுத்த பந்தியில் சாப்பிடச் சொல்லி யார் இதற்குக் கற்றுக் கொடுத்தார்கள்? ஒருவரும் கற்றுக் கொடுக்கவில்லையோ? யாரோ தினமும் முதல் கவளத்தைக் காக்கைக்கும் அடுத்ததை இதற்கும் போட்டுப் போட்டு, போடுகிற கை போனபிறகும் இது அந்த வரிசையை மட்டும் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறதோ?

யோசனை அந்த இடத்துக்கு வந்ததும் அவன் மேஜரைத் திரும்பிப் பார்த்தான். உடனே கேலிக்குத் தாவினான்.

"ஏன் மாமி, காக்காய் வந்து ருசி பார்த்துக் கையெழுத்துப் போட்டாத்தான் உங்க வீட்டுச் சாப்பாடு பாஸாகுமா? பட்டணத்துல படிச்சவங்க, மதில்மேல எட்டிப் பார்த்துக் கா கான்னு கத்தறீங்களே. வெளியூர்க்காரன் யாராவது பார்த்தா என்ன நினைப்பான்?"

மாமி இலைத்துண்டை உதறினாள். "உங்கம்மா தட்டுக்கு முன்னாடி கண்ணை மூடிண்டு முணுமுணுங்கறாளே, அது யாருக்கு?"

"அதையும்தான் நான் கேலி பண்றேன்."

"அப்ப உனக்கு ரெண்டு வீட்டுலயும் சாதம் கிடையாது, போ," என்று சொல்லிவிட்டு மாமி உள்ளே போனாள். வாசற்படியில் நின்று திரும்பி, "நாளைக்கு நான் தி. நகர்ல அக்காவாத்துக்குப் போறேன். கீரைக்காரி வந்தா வேண்டாம்னு சொல்லிடு," என்றாள்.

அவன் யாரிடமும் சொல்லவில்லை. கீரை விஷயத்தை அல்ல, காக்கை விஷயத்தை. சொன்னால் வால்டர் மாமா மறுபடி விரலை உயர்த்துவார். அம்மா பங்கு முழுக்கப் பட்ட பெருமை தலைகீழாகக் கவிழும். தவிர, ஒரு தடவை நடந்ததை வைத்து முடிவு கட்டுவது விஞ்ஞானமே அல்ல. தற்செயலாக இருக்கலாம். இன்றைக்குச் சாப்பிட ஆரம்பித்துவிட்டது, இனி நாளைக்கும் சாப்பிடும். அப்படித்தான் அவன் தனக்குச் சொல்லிக்கொண்டான்.

மிஸ் ஐவி மறுநாள் உச்சி வெயிலில் வடிவேலுவின் ஜட்காவிலேயே வந்து இறங்கினாள். கையில் ஒரு கயிறு. அம்மாவின் கண் அந்தக் கயிற்றைவிட்டு நகரவில்லை.

மேஜரை அவள் தொட்டுப் பார்த்தாள். விலாவில் விரலை ஓட்டினாள். "ரொம்ப இளைச்சுட்டுது, மிஸஸ் காஸ்பர்."

"நேத்து நல்லாச் சாப்பிட்டுது மிஸ். தட்டை நக்கிட்டுது. லெனி பார்த்தான்."

"இன்னிக்கு?"

"இப்பத்தான் வைக்கப் போறேன்."

தட்டு வந்தது. மேஜர் உட்கார்ந்தது. தட்டைப் பார்த்தது, அம்மாவைப் பார்த்தது, வானத்தைப் பார்த்தது. பக்கத்து வீட்டுக் கொல்லைக் கதவில் பூட்டுத் தொங்கியது. தென்னை மரத்தில் காக்கைகள் தம்பாட்டுக்குச் சிறகு கோதிக்கொண்டிருந்தன.

"சாப்பிடுடா செல்லம்," என்றாள் அம்மா. "எனக்காக ஒரு வாய். ஒரே ஒரு வாய்." அவள் தரையில் உட்கார்ந்து, ஒரு கவளத்தை எடுத்து அதன் வாயருகே நீட்டினாள். மேஜர் அவளுடைய மணிக்கட்டை நக்கியது. கவளத்தைத் தொடவில்லை.

மிஸ் ஐவி கொஞ்ச நேரம் காத்திருந்தாள். கெட்ட மனசுக்காரி அல்ல. "நான் முன்னறையில உக்காந்திருக்கேன்," என்றாள். "ஒரு கப் டீ குடுங்க. டீ முடியற வரைக்கும் பார்ப்போம்."

அம்மா எழுந்தாள். கையிலிருந்த கவளத்தை என்ன செய்வதென்று தெரியாமல் தட்டின் ஓரத்திலேயே வைத்தாள். மர்சலின் பெட்டியோடு வாசலில் நின்ற அன்றைக்கும் இதே மாதிரிதான், கையில் இருந்த எதையோ வைக்க இடம் தெரியாமல் நின்றாள் என்பது லியோனார்டுக்கு ஞாபகம் வந்தது. அவள் தேநீர் போட உள்ளே போனாள்.

பின்கட்டில் லியோனார்டும் மேஜரும் மட்டும் இருந்தார்கள்.

லியோனார்ட் வலது பக்கம் பார்த்தான். இடது பக்கம் பார்த்தான். சந்துப் பக்கம் வடிவேலு குதிரைக்குப் புல் போட்டுக்கொண்டிருந்தான், முதுகு இந்தப் பக்கம். தட்டின் ஓரத்திலிருந்த அந்தக் கவளத்தை எடுத்து, மதிலருகே போய், மேலே வைத்தான். தொண்டையைக் கனைத்துக்கொண்டான். விவாத மன்றத்தில் வெள்ளிக் கிண்ணம் வாங்கின தொண்டை.

"கா," என்றான். காதோடு ரகசியம் சொல்வதுபோலத்தான் வந்தது.

காக்கைகள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தலைமுறை தலைமுறையாக அந்த மதிலின் இந்தப் பக்கத்திலிருந்து அவற்றுக்கு அழைப்பு வந்ததே கிடையாது. மேஜர் மட்டும் திரும்பிப் பார்த்தது. மடிந்த காது பாதி எழுந்து, சந்தேகத்தோடு நின்றது.

உள்ளே கோப்பையும் தட்டும் உரசின. மிஸ் ஐவி தேநீருக்கு நன்றி சொன்னாள்.

"கா... கா..." பங்கஜம் மாமி எப்படி இழுப்பாள் என்று ஞாபகப்படுத்திக்கொண்டு, கடைசியில் கொஞ்சம் தூக்கினான். "கா... கா... காஆ..."

"இன்னா தம்பி, தொண்டை கட்டிக்கிச்சா?" என்றது வடிவேலுவின் குரல்.

"ஆமா," என்றான் லியோனார்ட். திரும்பாமலே இன்னும் உரக்கக் கூப்பிட்டான்.

ஒரு கிழட்டுக் காக்கை மட்டையிலிருந்து கிளம்பி, மதிலின் அந்தக் கோடியில் இறங்கியது. இந்த வீட்டுச் சோற்றை நம்பலாமா என்று வெகுநேரம் யோசித்தது. லியோனார்ட் மூச்சை அடக்கிக்கொண்டு ஓரடி பின்னால் நகர்ந்தான். காக்கை தத்தி வந்தது, கொத்தியது, எலும்புச் சாற்றின் ருசி பிடித்துப்போய் இன்னொரு முறையும் கொத்தியது.

அவனுக்குப் பின்னால் லபக் லபக்கென்று சத்தம் கேட்டது. தகரத் தட்டு தரையில் உரசிக்கொண்டு நகர்ந்தது. அம்மா உள்ளேயிருந்து "மிஸ்! மிஸ்! வந்து பாருங்க!" என்று கூவிக்கொண்டே ஓடிவந்தாள். மிஸ் ஐவி கோப்பையும் கையுமாக வந்து நின்று பார்த்தாள். தட்டில் ஒரு பருக்கை இல்லை. கயிற்றைக் கைப்பைக்குள் போட்டு மூடினாள்.

"என்ன பண்ணினே, மேன்?" என்று லியோனார்டைக் கேட்டாள்.

"ஒண்ணும் பண்ணலை. பசிச்சிருக்கும்," என்றான் அவன்.

அம்மா அந்தோணியாருக்கு நேர்ந்துகொண்டதன் பலன் என்று சொன்னாள். சாமியார் கொடுத்த விலக்கு நாய்க்குப் புரியக் கொஞ்சம் தாமதமாயிற்று, அவ்வளவுதான் என்று வால்டர் சாயங்காலம் வந்து விளக்கினார். லியோனார்ட் இரண்டையும் மறுக்கவில்லை. அவன் மறுக்காததைக் கண்டு வால்டருக்கே கொஞ்சம் கவலையாகிவிட்டது.

அடுத்த நாள் மத்தியானம் சாப்பாட்டு மேஜையில் அம்மா கண்ணை மூடிச் செபம் தொடங்கியதும், லியோனார்ட் தன் தட்டிலிருந்து முதல் பிடியை எடுத்துக்கொண்டு ஓசைப்படாமல் எழுந்தான். அப்பா மட்டும் அதைப் பார்த்தார். எங்கே போகிறாய் என்பதுபோல் புருவத்தைத் தூக்கினார். காற்று வாங்க, என்று லியோனார்ட் ஜாடை காட்டினான். அப்பா தலையசைத்துவிட்டு வேறு கண்டத்துக்குப் போய்விட்டார்.

பின்கட்டில் மேஜர் ஏற்கனவே தட்டுக்கு முன்னால் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தது. லியோனார்ட் சோற்றை உருட்டி மதில்மேல் வைத்தான். பக்கத்து வீட்டுக் கொல்லையில் பங்கஜம் மாமி கொடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். அவனைப் பார்த்தாள். புடவையை நன்றாக விரித்துத் தன் முகத்துக்கு முன்னால் போட்டுக்கொண்டாள்.

அவன் குரலைத் தாழ்த்தி, "கா," என்றான்.